நிலத்தடி நகரம்: சோறு சரி, துணிக்கு என்ன செய்வார்கள்?

#1 கீழூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் முழுக்க நிலத்துக்கு அடியில். ஊர்ப் பெயர் கீழூர். கருங்கல் பாறைக்குள் 250 மீட்டர் ஆழம், 3,000 பேர், மூன்று தலைமுறையாக யாரும் மேலே போனதில்லை. சிறிய அணு உலை ஒன்று 30 மெகாவாட் மின்சாரம் தருகிறது. (இதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உலை இல்லாவிட்டால் கதையே இல்லை.) மண் கிடையாது. எல்லாப் பயிரும் சத்துநீரில், எல்.இ.டி. விளக்குக்குக் கீழே.

சாப்பாட்டுக்கு நெல், கீரை, தக்காளி, காளான் என்று எழுதித் தள்ளிவிட்டேன். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. பெண் கூறைச்சேலை கட்டி வருகிறாள். எழுதும்போதே கை நின்றுவிட்டது. அந்தச் சேலை எங்கிருந்து வந்தது? பருத்தியா, ஆளியா, வாழைநாரா? 3,000 பேருக்குத் துணி விளைவிக்க எவ்வளவு இடம் வேண்டும்? வெறுமனே "பருத்தித் தளம்" என்று ஒரு வரி எழுதித் தப்பிக்க மனமில்லை.

#2 பசுங்குடில்

நான் ஓசூர் பக்கம் குடிலில் லெட்யூஸும் பேசிலும் போடுகிறேன். துணிக்குப் போகும் முன் உங்கள் சாப்பாட்டுப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் தம்பி.

ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாச் சத்துநீர்ச் சாகுபடி) என்று இணையத்தில் வரும் படங்களில் பெரும்பாலானவை இலைக்காய்கறிதான். லெட்யூஸ் இலையில் 95 சதவீதம் தண்ணீர். கொஞ்சம் வெளிச்சத்திலேயே எடை ஏறிவிடும், ஒரு மாதத்தில் காசு கையில். லண்டன் கிளாப்பமில் இரண்டாம் உலகப்போர்க் காலப் பதுங்கு சுரங்கம் ஒன்றில், தெருவுக்கு 33 மீட்டர் கீழே, ஒரு பண்ணை நடந்தது. நிஜமான நிலத்தடிப் பண்ணை. அங்கே வளர்த்தது பட்டாணித் துளிர், முள்ளங்கித் துளிர், கொத்தமல்லி. சோறு மேலே கிடைக்கிறது என்பதால் அது போதும். கீழூருக்கு மேலே ஒன்றுமில்லையே. உங்களுக்கு வேண்டியது கலோரி.

கலோரிக்கு நெல், கோதுமை, உருளை, சர்க்கரைவள்ளி. சர்க்கரைவள்ளியில் இலையையும் சாப்பிடலாம், அதனால் வீண் குறைவு. அமெரிக்காவில் டஸ்கீகி பல்கலைக்கழகம் விண்வெளிப் பயணத்துக்காக அதைச் சத்துநீரில் வளர்த்து ஆராய்ந்தது. எண்ணெய்க்கு நிலக்கடலை. ஆனால் கடலையின் விழுது கீழே இறங்கிப் புதைய வேண்டும், வெறும் நீர்க் குழாய் போதாது, சரளைத் தட்டு வேண்டும். உங்களிடம் பாறைத்தூளுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் பயன்படுத்தும் தென்னைநார்க் கழிவுதான் அங்கே கிடைக்காது.

#3 மின்கணக்கு

இடத்தைக் கேட்கிறீர்கள். இடம் பாறையைக் குடைந்தால் வரும். கரண்ட்டைக் கேளுங்கள்.

உட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பக்பீ, சாலிஸ்பரி என்ற இருவர் 1988-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கோதுமையைச் சத்துநீரில் நட்டு, உச்சிவெயிலுக்கு நிகரான வெளிச்சத்தை நாளுக்கு 20 மணி நேரம் கொடுத்தார்கள். ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரி 60 கிராம் தானியம் வந்தது. எந்த வயலும் நெருங்க முடியாத விளைச்சல். ஒருவருக்கு நாளுக்கு 2,400 கலோரி என்றால் 700 கிராம் தானியம், அதாவது 12 சதுர மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது.

இப்போது மீட்டரைப் பாருங்கள். அந்த வெளிச்சம் சதுர மீட்டருக்கு நாளுக்கு சுமார் 150 மோல் ஒளித்துகள் (மோல் என்பது துகள்களை எண்ணும் அளவு). இன்றைய நல்ல எல்.இ.டி. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 11 மோல் தரும். ஆக சதுர மீட்டருக்கு 14 யூனிட், ஒரு ஆளுக்கு நாளுக்கு 160 யூனிட்டுக்கு மேல். இந்தியாவில் தலைக்கு ஆண்டு முழுவதும் செலவாகும் மின்சாரமே சுமார் 1,400 யூனிட்தான். கீழூரில் ஒருவர் அதை ஒன்பது நாளில் தின்று தீர்க்கிறார், வாய்வழியாக.

வெளிச்சத்தைக் குறைத்து இடத்தைக் கூட்டினால் கொஞ்சம் மிச்சமாகும், பெரிய மாற்றமில்லை. தலைக்கு 45 சதுர மீட்டர், மிதமான வெளிச்சம் என்று வைத்தாலும் கணக்கு ஏறத்தாழ அதேதான். 3,000 பேருக்கு இரவு பகலாக 20 மெகாவாட். உங்கள் உலையில் மூன்றில் இரண்டு பங்கு சோற்றுக்கே போயிற்று. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்றை முழுசாகக் கொடுத்தாலும் இப்படி ஒன்றரை லட்சம் பேருக்குத்தான் சோறு போட முடியும்.

#4 கீழூர்க்காரன்

தலை சுற்றுகிறது சார். ஆனால் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சரி, மீதி 10 மெகாவாட் இருக்கிறதே, அதில் துணியைப் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா?

#5 தங்கவயல்

அதற்குள் கை வைக்க வேண்டாம். குளிரூட்ட யார் பணம் கட்டுவது?

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறை. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போனவர், அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அடிமட்டத்தில் பாறையின் சூடு சுமார் 65 டிகிரி. மேலே ஆலை வைத்துக் காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பித்தான் மனிதர்கள் வேலை செய்ய முடிந்தது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், அது வேறு கதை.

கீழூர் 250 மீட்டர்தான். தங்கவயல் மாதிரிப் பழைய கருங்கல் என்றால் அந்த ஆழத்தில் பாறை மேலே இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். பாறை உங்களுக்கு எதிரி இல்லை. விளக்குதான் எதிரி. 20 மெகாவாட்டை வெளிச்சமாக ஊற்றினால் அதில் செடி உடம்பில் சேர்த்துக்கொள்வது மிகச் சொற்பம், மற்றதெல்லாம் வெப்பம். செடி சாப்பாடாகி மனிதனுக்குள் போனாலும் கடைசியில் அதுவும் வெப்பம். பாறை இதை உறிஞ்சிக்கொள்ளும் என்று எழுதிவிடாதீர்கள். லண்டன் மெட்ரோ சுரங்கங்களைச் சுற்றியுள்ள களிமண் 1900 வாக்கில் 14 டிகிரியில் இருந்தது. நூறு ஆண்டு ரயில் ஓடி இன்று 19 முதல் 26 வரை ஏறியிருக்கிறது. ரயிலுக்கே அப்படி.

#6 மின்கணக்கு

தங்கவயல் அண்ணன் சொல்வதற்கு எண் போடுகிறேன். 20 மெகாவாட் வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி, அதன் சூடு 10 டிகிரி உயர அனுமதித்தால், நொடிக்குக் கிட்டத்தட்ட 480 லிட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உலை தானாகக் கழிக்கும் வெப்பம் தனி, அது இதைப்போல மூன்று மடங்கு. நிலத்தடி ஆறு ஒன்று இல்லாமல் கீழூர் பிழைக்காது. மேலே எங்கோ அந்த ஆறு வெதுவெதுப்பாக வெளிவரும். ஊர் ஒளிந்திருப்பது கதைக்கு முக்கியம் என்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

குளிரூட்டும் எந்திரம், விசிறி, பம்பு என்று 5 மெகாவாட்டாவது போகும். துணி, தெருவிளக்கு, ஆஸ்பத்திரி, பட்டறை எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 5.

#7 குறுக்குச்சால்

எல்லோரும் கோதுமையை வைத்தே கணக்குப் போடுகிறீர்கள். கீழூர் தமிழ் ஊர் என்றால் நெல்தானே?

#8 பசுங்குடில்

நெல்லே வைத்துக்கொள்ளட்டும். குட்டை ரகமாக, நாள் வெளிச்ச நீளத்துக்கு அடங்காத ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு நேரத்தைக் குறைத்தால்தான் பூக்கும். கேழ்வரகை நம்பி இறங்க வேண்டாம். மூடிய ஊரில் காற்றில் கரியமிலவாயு கூடுதலாக இருக்கும். அதனால் நெல், கோதுமை, பருத்தி போன்றவற்றுக்கு விளைச்சல் கூடும். கேழ்வரகும் சோளமும் ஏற்கெனவே அந்த வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் வகை, அவற்றுக்கு அந்த லாபம் கிடைக்காது. எனக்குக் கேழ்வரகுக் களி உயிர், இருந்தாலும் உண்மை அதுதான்.

#9 நூல்கண்டு

கோவையில் நூற்பாலை சூப்பர்வைசர். துணி என்றதும் உள்ளே வந்தேன்.

முதலில் தேவையைச் சொல்கிறேன். உலகச் சராசரி இன்று தலைக்கு ஆண்டுக்கு 15 கிலோவுக்கு மேல் இழை. அதில் பெரும்பங்கு பாலியஸ்டர். கீழூரில் பெட்ரோலியம் இல்லை, குளிர்காலமும் இல்லை. சிக்கனமாக இருந்தால் 5 கிலோவில் ஓட்டலாம். அதில் உடுப்பு மட்டுமில்லை. போர்வை, துண்டு, காயக்கட்டு, மாதவிலக்குத் துணி, குழந்தைத் துணி, வடிகட்டி, கயிறு எல்லாம் அடங்கும். கதை எழுதுகிறவர்கள் ஆஸ்பத்திரித் துணியை மறந்துவிடுவார்கள். அதுதான் முதலில் தீரும்.

கயிறு, சாக்குக்கு நல்ல பருத்தியை வீணாக்க வேண்டாம். புளிச்சக்கீரை இனம் போடுங்கள். இலை கடையலுக்கு, தண்டு நாருக்கு. நாள் நீளம் குறைந்தால்தான் அது பூக்கும், எனவே விளக்கை நீட்டி எரித்தால் பூக்காமல் உயர்ந்துகொண்டே போகும். நார் முரடு, உடம்புக்கு ஆகாது, மூட்டை கட்ட ஆகும்.

#10 மின்கணக்கு

அந்த 5 கிலோவுக்கு மீட்டர் போடலாம். ஆளி நன்றாக விளைந்தால் வயலில் ஒரு சதுர மீட்டரில் 100 நாளில் 100 முதல் 150 கிராம் நீள இழை. பருத்தியில் இந்தியச் சராசரி சதுர மீட்டருக்கு 45 கிராம் பஞ்சுதான், பாசனமும் எந்திரமும் கொண்ட ஆஸ்திரேலியாவில் 200 கிராமைத் தாண்டும், ஆனால் வயலில் ஆறு மாதம் நிற்கும். அந்த வயல்கள் வாங்கும் வெயிலை விளக்கில் கொடுப்பதாக வைத்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விடைதான் வருகிறது: ஒரு கிராம் இழைக்கு 3 யூனிட்.

அரை கிலோ எடையுள்ள ஒரு சாதாரணப் பருத்திச் சேலைக்கு 1,500 யூனிட். ஒரு ஆளின் பத்து நாள் சாப்பாடு. உங்கள் மணப்பெண் சேலை கட்டி நடந்து வரும்போது சபையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

தலைக்கு 5 கிலோ என்றால் ஊருக்கு மொத்தம் 5 மெகாவாட். மிஞ்சியிருந்ததே அவ்வளவுதான். தெருவிளக்கு கிடையாது, பட்டறை கிடையாது.

#11 கீழூர்க்காரன்

அப்படியென்றால் துணியே இல்லாத ஊரா? இல்லை, சோற்றைக் குறைத்துத் துணி நெய்கிற ஊரா?

#12 பசுங்குடில்

அவசரப்படாதீர்கள். மின்கணக்கு சார் பஞ்சை மட்டும் எண்ணினார். பருத்திச் செடி பஞ்சை மட்டுமா தருகிறது? ஒரு கிலோ பஞ்சு எடுத்தால் கூடவே ஒன்றரை கிலோவுக்கு மேல் கொட்டை வரும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக எண்ணெய், அதற்கும் கொஞ்சம் கூடுதலாகப் புரதம். ஆளியிலும் விதை உண்டு, ஆனால் நல்ல மெல்லிய இழை வேண்டுமென்றால் விதை முற்றும் முன்பே பிடுங்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முழுசாகக் கிடைக்கும்.

இன்னொன்று சூடு. ஆளிக்கும் உருளைக்கும் குளிர்ந்த காற்று வேண்டும். அந்தக் குளிரை நீங்கள் கரண்ட் கொடுத்து வாங்க வேண்டும். பருத்தி 30 டிகிரியில் சந்தோஷமாக நிற்கும். உலைக்குப் பக்கத்தில் மனிதர் இருக்கக் கஷ்டப்படும் கூடம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதைப் பருத்திக்குக் கொடுங்கள்.

மூன்றாவதைத்தான் யாரும் பேசவில்லை. உப்பு. சத்துநீரில் தழைச்சத்து எங்கிருந்து வரும்? மூன்று தலைமுறைக்கு மூட்டை மூட்டையாக உரம் வைத்திருக்க முடியாது. சிறுநீரைப் பாக்டீரியா கொண்டு நைட்ரேட் ஆக்கித்தான் செடிக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு நாளுக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிடும். 3,000 பேருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் உப்பு தொட்டியில் சேரும். செடி அதை எடுக்காது. என் குடிலில் லெட்யூஸுக்கு இ.சி. (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு) 2-ஐத் தாண்டினால் இலை நுனி கருகத் தொடங்கிவிடும். பருத்தி உப்புத் தாங்கும் பயிர், 7 வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். எனவே புது நீர் கீரைக்கு, அது கிழமானதும் நெல்லுக்கு, அதற்கப்புறம் பருத்திக்கு. பருத்தியும் வேண்டாம் என்று சொல்லும் நீரை உமரிக்கு விடுங்கள். நம் வேதாரண்யம், பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் சிவப்பாகப் படர்ந்திருக்குமே, அதே உமரி. உப்பைத் தண்டிலேயே சேர்த்துவைக்கும். அதைப் பறித்துக் குழம்பில் போட்டால் உப்பு திரும்பச் சமையலறைக்கு வந்துவிட்டது.

இது என் கற்பனை இல்லை. சைபீரியாவில் கிராஸ்னோயார்ஸ்க் ஆராய்ச்சியாளர்கள் மூடிய வாழ்விடத்துக்காக உமரி இனத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பயோஸ்-3 நிலத்தடியில் கட்டிய எஃகு அறைதான். 1972-73-இல் மூன்று பேர் ஆறு மாதம் உள்ளே இருந்தார்கள். கோதுமையும், எண்ணெய்க்குக் கோரை இனக் கிழங்கு ஒன்றும் வளர்த்தார்கள். உங்கள் கீழூருக்கு ஒரு முன்னோடி வேண்டுமென்றால் அதுதான்.

#13 குறுக்குச்சால்

பருத்திக்கொட்டையைச் சாப்பிடுவது புதிதா என்ன? மதுரையில் சாயங்காலம் தெருத்தெருவாகப் பருத்திப்பால் விற்கிறார்கள். நானே குடித்து வளர்ந்தவன்.

#14 பசுங்குடில்

குடியுங்கள், நானும் மதுரை போனால் விடுவதில்லை. அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, கருப்பட்டி போட்டு ஒரு டம்ளர். ஆனால் அதையே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு எண்ணெயாகவும் மாவாகவும் ஆக்குவது வேறு. பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற நச்சு இருக்கிறது. செடி பூச்சிக்கு எதிராகச் செய்துகொள்ளும் மருந்து அது. சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் சமைத்த சீனக் கிராமங்களில் ஆண்களுக்குக் குழந்தை பிறக்காமல் போனது. அதைப் பார்த்துத்தான் 1970-களில் அதை ஆண் கருத்தடை மருந்தாக்க முயன்றார்கள். சிலருக்கு உடம்பில் பொட்டாசியம் ஆபத்தான அளவு இறங்கியது, சிலருக்கு மருந்தை நிறுத்தியும் வீரியம் திரும்பவில்லை. கைவிட்டார்கள்.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் குழு, இலையில் நச்சு இருக்கும்படியும் கொட்டையில் மட்டும் மிகக் குறையும்படியும் ஒரு பருத்தியை உருவாக்கியது. அமெரிக்க வேளாண் துறை 2018-இல் பயிரிட அனுமதித்தது. கீழூரை நிறுவியவர்கள் அந்த விதையைக் கொண்டுபோயிருந்தால் கொட்டையைப் பயமில்லாமல் சாப்பிடலாம்.

#15 கீழூர்க்காரன்

அக்கா, நீங்கள் என் நாவலின் பாதியை இந்தப் பதிவில் எழுதிவிட்டீர்கள். 3,000 பேருக்கு மேல் பெருகக் கூடாத ஊர். மூதாதைகள் கொண்டுவந்தது எந்த விதை என்று ஊருக்குத் தெரியாது. நிர்வாகத்துக்குத் தெரியும்.

#16 தங்கவயல்

நன்றாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆனால் பொட்டாசியம் இறங்கினால் கை கால் தளர்ந்துபோகும். ஊர் மருத்துவர் ஒருவருக்காவது சந்தேகம் வரும். அந்த மருத்துவரை மறக்காதீர்கள்.

#17 குறுக்குச்சால்

எனக்கு இன்னும் அடிப்படையே ஒப்பவில்லை. நெல் விளைந்தால் தானியம் பாதி, வைக்கோல் பாதி. வைக்கோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அதைக் கரைத்து ரேயான் இழை இழுத்துவிடலாமே? தனியாகப் பருத்திக்கு ஒரு யூனிட் கூடச் செலவழிக்க வேண்டாம். சோற்றுக்கு எரித்த வெளிச்சத்திலேயே துணியும் வந்துவிடும்.

#18 நூல்கண்டு

செலவழிக்க வேண்டாம், செத்துப்போக வேண்டும். விஸ்கோஸ் ரேயானுக்குக் கார்பன் டைசல்பைடு வேண்டும். அதன் ஆவி நரம்பையும் மூளையையும் தாக்கும். பழைய ரேயான் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குப் புத்தி பேதலித்த வரலாறு உண்டு. கொஞ்சம் சூடு பட்டாலே தீப்பிடிக்கும் திரவம் வேறு. இதை மூடிய காற்றுள்ள ஊரில் வைப்பீர்களா? செல்லுலோஸை வேறொரு கரைப்பானில் கரைக்கும் லையோசெல் முறை பரவாயில்லை, கரைப்பானை ஏறக்குறைய முழுசாகத் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கரைப்பானைத் தயாரிக்க ஒரு ரசாயனத் தொழிற்சாலையே பின்னால் நிற்க வேண்டும். ஜின்னிங் (பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிப்பது), நூற்பு, நெசவை மரத்திலும் இரும்பிலும் செய்துகொள்ளலாம்.

அதற்காகப் பருத்தி சாது என்று நினைக்க வேண்டாம். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வாரவிடுமுறை முடிந்து திங்கள்கிழமை ஆலைக்குள் நுழைந்தால் நெஞ்சு இறுகும், மருத்துவர்கள் பிசினோசிஸ் என்பார்கள். தூசி காற்றில் பறக்கும்போது ஒரு பொறி போதும். சுரங்கத்துக்குள் பஞ்சுக் கிடங்கில் தீ என்றால் புகை போக வழி எது? பஞ்சைக் கிடங்கில் குவிக்காமல் அவ்வப்போது நூலாக்கிவிடுவதுதான் ஊர்ச் சட்டமாக இருக்கும். நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன்: நூற்புக் கூடத்துக்குக் காற்றில் 55 முதல் 65 சதவீதம் ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதற்குத் தனி எந்திரம் ஓட்டுகிறோம். பயிர்க்கூடத்துக் காற்றைத் திருப்பிவிட்டால் கீழூரில் அது சும்மா கிடைக்கும்.

#19 பசுங்குடில்

சும்மா கிடைப்பது ஈரம் மட்டுமில்லை. செடி வேரில் உறிஞ்சும் நீரில் கிட்டத்தட்ட எல்லாமே இலை வழியாக ஆவியாகிவிடும். குளிர்க் குழாயில் அதைப் பிடித்தால் சுத்தமான குடிநீர். சதுர மீட்டருக்கு நாளுக்கு 3 லிட்டர் வைத்தாலும் ஆளுக்கு 130 லிட்டருக்கு மேல். சென்னையில் பல தெருக்களுக்கு இது கனவு.

குறுக்குச்சாலுக்கு ஒன்று. வைக்கோலை எடுத்து வேறு பொருளாகப் பூட்டிவைக்கக் கூடாது. ஒரு ஆள் நாளுக்கு வெளிவிடும் கரியமிலவாயு ஒரு கிலோ. அவருக்குச் சோறு விளைவிக்கும் செடிகளுக்குத் தேவை இரண்டு கிலோவுக்கு மேல், ஏனென்றால் அவை தானியத்தோடு வைக்கோலையும் கட்டுகின்றன. வைக்கோல் மட்கி அந்த வாயு திரும்பாவிட்டால் அடுத்த போகம் பட்டினி. அதற்குத்தான் சிப்பிக்காளான். வைக்கோலைத் தின்று, நம்மைப்போல மூச்சு விட்டு, கடைசியில் குழம்புக்கும் வரும்.

காற்றுக் கணக்கு எப்படிப் பிசகும் என்பதற்கு அரிசோனாவின் பயோஸ்ஃபியர்-2 இருக்கிறது. 1991-இல் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். ஒன்றேகால் ஆண்டில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5-க்கு இறங்கியது. செழிப்பான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தின்றன, வெளிவந்த கரியமிலவாயுவைப் புதுக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. அதனால் செடிக்குப் போய் ஆக்ஸிஜனாகத் திரும்ப வேண்டியது சுவருக்குள் போய்விட்டது. வெளியிலிருந்து ஆக்ஸிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. கீழூரில் மண் இல்லை, தப்பித்தது. ஆனால் யாராவது புதுக் கூடம் கட்டி கான்கிரீட் பூசினால் பயிர் வாடும். கருங்கல்லை அப்படியே விடச் சொல்லுங்கள்.

#20 நூல்கண்டு

மின்சாரக் கணக்குக்குத் திரும்புவோம். 5 கிலோ தேவை என்றேன், 5 கிலோ புதுப் பஞ்சு என்று சொல்லவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டையும் பழைய துணியையும் கிழித்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்டு (குட்டை இழையையும் நூற்கும் முறை) ஆலைகளில் மறுபடி நூலாக்குவது எங்கள் பக்கம் பெரிய தொழில். கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும், எனவே கொஞ்சம் புதுப் பஞ்சு கலக்க வேண்டும். கீழூரில் துணி எதுவும் குப்பைக்குப் போகாது. ஆண்டுக்குத் தலைக்கு 2 கிலோ புதுப் பஞ்சு இருந்தால் ஓட்டிவிடலாம்.

#21 மின்கணக்கு

அப்படியென்றால் 2 மெகாவாட். இப்போது ஊர் நிற்கிறது. கரியமிலவாயு கூடுதலாக இருப்பதால் விளைச்சல் ஏறினால் இன்னும் குறையும், ஆனால் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உலை பராமரிப்புக்கு நிற்கும் மாதம் ஒன்று வருமே, அப்போது எந்தக் கூடத்தை முதலில் இருட்டாக்குவார்கள்? என் யோசனை, பருத்தியைத்தான். ஒரு போகம் பஞ்சு போனால் கிழிந்ததைக் கட்டலாம், ஒரு போகம் நெல் போனால் முடியாது. எல்லாக் கூடத்துக்கும் ஒரே நேரத்தில் பகல் வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தால் உலையின் சுமையும் சமமாக இருக்கும். எனவே கீழூரில் எப்போதும் எங்கோ ஒரு கூடத்தில் பகல்.

#22 கீழூர்க்காரன்

முடிவு செய்துவிட்டேன். உலைக்குப் பக்கத்துக் கூடத்தில் பருத்தி, காற்று நுழையும் பக்கம் உருளை, நடுவில் நெல், கடைசித் தொட்டியில் உமரி. துணிக்குப் பங்கீட்டு அட்டை. ஊரில் எல்லோரும் மறுநூல் துணிதான் உடுத்துவார்கள். மணப்பெண்ணின் சேலையும் பாட்டியின் துணிகளைக் கிழித்து நூற்றதாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். எப்படி?

#23 நூல்கண்டு

நடக்காது தம்பி. கிழித்த பஞ்சில் பத்து, இருபது கவுண்ட் நூல்தான் வரும் (கவுண்ட் கூடக் கூட நூல் மெலியும்). அதில் ஜமுக்காளமும் லுங்கியும் நெய்யலாம், தடித்த போர்வை நெய்யலாம். உடம்பில் வழிந்து நிற்கிற சேலைக்கு 60, 80 கவுண்ட் வேண்டும். அதற்கு நீளமான புதுப் பஞ்சு, சீவி எடுத்தது. ஆகவே உங்கள் ஊரில் ஒருவரின் அந்தஸ்தை நகையை வைத்துப் பார்க்க மாட்டார்கள், நூலின் மென்மையைத் தொட்டுப் பார்ப்பார்கள். மெல்லிய சேலை கட்டினவள் வீட்டில் யாருக்கோ பருத்திக் கூடத்தில் செல்வாக்கு இருக்கிறது என்று அர்த்தம். கல்யாணத்தில் இதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு வையுங்கள்.

#24 குறுக்குச்சால்

செல்வாக்கு எதற்கு, திருடினால் போதாதா? பஞ்சு என்ன எடை?

#25 பசுங்குடில்

திருடுவது சுலபம்தான். பருத்திக் காய் எல்லாம் ஒரே நாளில் வெடிக்காது. கீழ்க்கிளையில் தொடங்கி வாரக்கணக்கில் மேலே போகும். எந்திரத்தால் ஒரே தடவையில் எடுக்க வேண்டுமானால் இலையை மருந்தடித்து உதிர்க்க வேண்டும், மூடிய காற்றில் அதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். கையால்தான் பறிக்க வேண்டும், அதுவும் ஒரே செடியில் மூன்று நான்கு சுற்று. முப்பது டிகிரிச் சூட்டில், ஈரக்காற்றில். பறிக்கிறவர்கள் மடியில் ஒரு கைப்பிடி பஞ்சு ஒளிந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நிறுத்துப் பார்க்கிற ஒரு தராசு வாசலில் இருக்கும். வியர்வையில் எடை குறைந்தே வெளியே வருவார்கள் என்பதால் அந்தத் தராசை ஏமாற்றவும் ஒரு வழி உண்டு, அதை உங்கள் கதாநாயகி கண்டுபிடிக்கட்டும்.